இணை நிறுவனர் இல்லாமல் ஆக்சிலரேட்டர் பணம்: விண்ணப்பம் முதல் வங்கிக் கணக்கு வரை

புதுக் கம்பெனிகளுக்குப் பணமும் சில மாதப் பயிற்சியும் கொடுத்து, பதிலுக்குப் பங்கு வாங்கும் திட்டங்கள்தான் ஆக்சிலரேட்டர்கள். தனி ஆளாகக் கம்பெனி நடத்துபவரை அவை சேர்த்துக்கொள்வதே இல்லை என்பது பொய். இரண்டு மூன்று பேர் கொண்ட அணியைப் பார்க்கிற அதே கண்ணோடுதான் அவரையும் பார்க்கிறார்கள் என்பதும் பொய். அமெரிக்க ஆக்சிலரேட்டரான ஒய் காம்பினேட்டரைத் தொடங்கியவர்களில் ஒருவரான பால் கிரஹாம், ஸ்டார்ட்அப்களைக் கொல்லும் 18 தவறுகள் என்று 2006இல் ஒரு பட்டியல் போட்டார். அதில் முதல் தவறே ‘ஒற்றை நிறுவனர்’தான். இன்னொரு ஆக்சிலரேட்டரான டெக்ஸ்டார்ஸில் எதை வைத்துத் தேர்வு செய்கிறீர்கள் என்று கேட்டால் ‘டீம், டீம், டீம், மார்க்கெட், புராகிரஸ், ஐடியா’ என்பார்கள். அப்படியிருந்தும் தனி ஆட்கள் உள்ளே போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள்.

எல்லோரும் சொல்லும் உதாரணங்கள் இரண்டு. 2007இல் ட்ரூ ஹூஸ்டன், ஃபைல்களை இணையத்தில் சேமிக்கும் ட்ராப்பாக்ஸுக்காக ஒய் காம்பினேட்டரில் தனியாக விண்ணப்பித்தார். இணை நிறுவனர் ஒருவரைத் தேடிக்கொள்ளச் சொன்னார்கள். அராஷ் ஃபெர்டௌசி வந்து சேர்ந்த பிறகே உள்ளே போனார். 2012இல், மளிகைப் பொருளை வீட்டுக்குக் கொண்டுவந்து தரும் இன்ஸ்டாகார்ட்டின் அபூர்வா மேத்தா, கடைசித் தேதி முடிந்த பிறகு, தன் செயலி வழியாகவே ஒய் காம்பினேட்டரின் கேரி டானுக்கு பீர் அனுப்பி வைத்தார். கூப்பிட்டுப் பேசினார்கள், இடமும் கிடைத்தது. இந்த இரண்டாவது கதையைத் துணிச்சலுக்குச் சான்றாகச் சொல்வார்கள். எங்கள் கணக்கில் அது துணிச்சல் கதையே இல்லை. ஆர்டர் எடுத்து, கடையில் வாங்கி, வாசலில் கொண்டுபோய்க் கொடுக்கும் வரை அந்தச் செயலி அன்றைக்கே வேலை செய்தது. பீரைக் கூரியரில் அனுப்பியிருந்தால் யாரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள்.

தேர்வு செய்பவர்களுக்கு உங்கள் மேல் இருக்கும் சந்தேகம் மூன்று வகை. ஆள் படுத்துவிட்டால் கம்பெனியும் படுத்துவிடுமா? நன்றாகத் தெரிந்த ஒருவரைக்கூடத் தன்னோடு சேர வைக்க முடியாதவர், நாளைக்கு ஊழியரையும் வாடிக்கையாளரையும் எப்படிச் சேர வைப்பார்? கம்ப்யூட்டர் கோடும் எழுதி, விற்பனையும் பார்க்கிற ஒரே ஆள் இதில் எதைக் கைவிடுவார்? மூன்றில் கனமானது கடைசிக் கேள்வி. பொறியாளராக இருந்தால் விற்பனை கைவிடப்படும்; விற்கத் தெரிந்தவராக இருந்தால் புராடக்ட் வெளி டெவலப்பர் கையில் கிடக்கும். உங்கள் விண்ணப்பம் முழுவதும் இந்த மூன்றுக்கும் சான்று காட்டும் வேலைதான். விளக்கம் சொல்லி இவற்றைத் தீர்க்க முடியாது.

பெயருக்கு ஒரு கோஃபவுண்டர்

விண்ணப்பத்துக்காக ஒரு நண்பரைப் பெயருக்குச் சேர்ப்பதுதான் தனி நிறுவனர்கள் செய்யும் மிகப் பெரிய தவறு. அது எளிதில் வெளிப்பட்டுவிடும். ஒவ்வொரு நிறுவனரும் தனித்தனியாகத் தன் விவரத்தை நிரப்ப வேண்டும். எத்தனை நாளாக முழுநேரம் வேலை செய்கிறீர்கள், ஒருவரையொருவர் எப்படித் தெரியும், யாருக்கு எத்தனை சதவீதம் என்று கேட்பார்கள். லிங்க்ட்இன்னில் அவர் இன்னும் வேறு கம்பெனியில் இருப்பார். பங்கு 95க்கு 5 என்று இருந்தால் அந்த எண்ணே உண்மையைச் சொல்லிவிடும். நேர்காணலில் நேராக அவரைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டால் மிச்சமும் தெரிந்துவிடும்.

பிடிபடாமல் போனால் சேதம் இன்னும் அதிகம். வெஸ்டிங், அதாவது வேலை செய்த காலத்துக்கேற்பப் பங்கு சிறிது சிறிதாகச் சொந்தமாகும் ஏற்பாடு, இல்லாமல் 20 சதவீதம் எழுதிக்கொடுத்த நண்பர் ஆறு மாதத்தில் வேலைக்குத் திரும்பிவிட்டால், அந்த 20 சதவீதம் யாருக்கும் பயன்படாமல் கேப் டேபிளில், அதாவது யாருக்கு எவ்வளவு பங்கு என்ற பட்டியலில், கிடக்கும். அடுத்து முதலீடு செய்ய வருபவர் முதலில் பார்ப்பது அதைத்தான். திரும்ப வாங்க அவர் சம்மதம் வேண்டும், விலை பேச வேண்டும், பங்கு மாற்றத்துக்கு முத்திரைத் தீர்வையும் வரியும் கணக்குப் பார்க்க வேண்டும்.

உண்மையாகவே ஒருவர் வேண்டும் என்றால் முதலில் நான்கு முதல் ஆறு வாரம், பங்கு பேச்சே எடுக்காமல், ஒரு குறிப்பிட்ட வேலையைச் சேர்ந்து முடித்துப் பாருங்கள். ஒத்துவந்தால் நான்கு ஆண்டு வெஸ்டிங், முதல் ஓராண்டு கிளிஃப், அதாவது ஓராண்டுக்குள் போய்விட்டால் பங்கு எதுவும் கிடையாது. ஒய் காம்பினேட்டர் 2021 முதல் இணை நிறுவனர் தேடலுக்கு இலவசத் தளம் ஒன்றை நடத்துகிறது. அதில் பதிந்து சிலரோடு பேசியிருந்தால், ‘தேடினீர்களா?’ என்ற கேள்விக்கும் நேர்மையான பதில் கையில் இருக்கும்.

ஆலோசகர் விஷயத்திலும் இதே எச்சரிக்கை. ‘மென்டர்’ என்று வந்து 5 சதவீதம் கேட்பவர்கள் உண்டு. மாதம் ஓரிரு மணி நேரம் ஒதுக்கும் ஆலோசகருக்குக் கால் சதவீதத்திலிருந்து 1 சதவீதம் வரை, அதுவும் இரண்டு ஆண்டு வெஸ்டிங்கோடு கொடுப்பதுதான் வழக்கம்.

கம்பெனியை எந்த வடிவில் பதிவது

இந்தியாவில் தனி ஆள் என்றதும் ஆடிட்டர் ஓ.பி.சி., அதாவது ஒருநபர் கம்பெனி பதியச் சொல்வார். வங்கிக் கணக்குக்கும் ஜி.எஸ்.டி.க்கும் அது போதும். முதலீட்டுக்குப் போதாது. ஓ.பி.சி.யில் ஒரே ஒரு பங்குதாரர்தான் இருக்க முடியும் என்பதால் ஆக்சிலரேட்டருக்கு ஒரு பங்குகூட ஒதுக்க வழியில்லை. பிரைவேட் லிமிடெடாக மாற்ற ஐ.என்.சி-6 படிவம் போட வேண்டும். முன்பு இரண்டு ஆண்டு காத்திருக்க வேண்டிய கட்டுப்பாடு இருந்தது. 2021 ஏப்ரலில் அது நீங்கியது. ஆனாலும் தேர்வான பிறகு இந்த மாற்றத்தைத் தொடங்கினால் ஒப்பந்தம் வாரக்கணக்கில் தள்ளிப்போகும். பணம் வாங்கும் எண்ணம் இருந்தால் முதலிலேயே பிரைவேட் லிமிடெட் பதிந்துவிடுவது மேல்.

பிரைவேட் லிமிடெடுக்குக் குறைந்தது இரண்டு பங்குதாரர், இரண்டு இயக்குநர் தேவை. இங்கேதான் அப்பாவோ மனைவியோ ‘ஃபிஃப்டி ஃபிஃப்டி’யாக உள்ளே வந்துவிடுகிறார்கள். பதிவு செய்து கொடுப்பவர் கேட்காமலே பாதிப் பாதி என்று போட்டுவிடுவார். நாமும் வீட்டு ஆள்தானே என்று கையெழுத்துப் போட்டுவிடுவோம். ஆக்சிலரேட்டர் பார்வையில் அது வேலை செய்யாத ஒருவரிடம் பாதிக் கம்பெனி இருப்பதாகவே தெரியும். சரியான முறை: 10,000 பங்கில் 9,999 உங்களுக்கு, 1 மட்டும் வீட்டு ஆளுக்கு. அந்த ஒன்றையும் உங்கள் சார்பில் வைத்திருப்பதாக எம்.ஜி.டி-4, எம்.ஜி.டி-5 அறிவிப்புகளைக் கம்பெனிக்குக் கொடுத்து, கம்பெனி எம்.ஜி.டி-6 தாக்கல் செய்துவிட்டால் பயன் உரிமை நூற்றுக்கு நூறு உங்களுடையது.

இரண்டாவது இயக்குநர் யார் என்பதை இன்னும் கவனமாக முடிவு செய்ய வேண்டும். இயக்குநர் குழுக் கூட்டத்துக்குக் கோரம், அதாவது கூட்டம் செல்ல வந்திருக்க வேண்டியவர்கள், குறைந்தது இரண்டு பேர். ஆக, இருக்கிற இரண்டு பேரும் ஒவ்வொரு கூட்டத்துக்கும் வந்தே ஆக வேண்டும், வீடியோ வழியாகவாவது. போனை எடுக்காத மாமாவை இயக்குநராக்கினால் பங்கு ஒதுக்கீட்டுத் தீர்மானம் அவருக்காகக் காத்திருக்கும்.

விண்ணப்பத்தில் எழுதுவது

ஒய் காம்பினேட்டர் படிவத்தை எடுத்துக்கொள்வோம். மற்றப் பல திட்டங்களும் ஏறக்குறைய இதையே கேட்கின்றன. கம்பெனி என்ன செய்கிறது என்பதை 50 எழுத்துக்குள் சொல்ல வேண்டும். பலர் கவிழ்வது இந்த இடத்தில்தான். ஒரு கற்பனை உதாரணம்: திருப்பூரில் பின்னலாடை யூனிட்களுக்கு ஒருவர் மென்பொருள் செய்கிறார். துணி நிட்டிங்கிலிருந்து டையிங், காம்பாக்டிங், கட்டிங் என்று யூனிட் யூனிட்டாக டி.சி. (டெலிவரி சலான்) போட்டுப் போகும், வழியில் எடை குறையும், மாதக் கடைசியில் பில் பார்க்கும்போது சண்டை வரும்.

முதல் வரைவில் அவர் எழுதுவது: ‘ஜவுளித் துறைக்கான செயற்கை நுண்ணறிவு சார்ந்த ஒருங்கிணைந்த சப்ளை செயின் தளம்.’ இதைப் படித்தவருக்கு யார் வாங்குவார்கள், எதற்கு வாங்குவார்கள் என்று எதுவுமே புரியாது. எழுத வேண்டியது: ‘பின்னலாடை யூனிட்களுக்கு டி.சி., எடைக் கணக்கு.’ பெருமை குறைந்த மாதிரி இருக்கும், ஆனால் படித்தவுடன் புரியும்.

எவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள் என்ற கேள்விக்கு ‘நல்ல வரவேற்பு’ என்று எழுதுவது வீண். இப்படி இருக்கலாம்: ‘மூன்று மாதம் முன்பு முதல் வடிவம். இன்று 14 யூனிட் பயன்படுத்துகின்றன, 9 யூனிட் மாதம் ரூ. 1,500 கட்டுகின்றன. 2 யூனிட் நிறுத்திவிட்டன. டையிங் சூப்பர்வைசர் ஈரத்துணி எடையைப் பதிய மறுத்ததே காரணம். இப்போது எடைக்காட்டியைப் படம் எடுத்தால் போதும் என்று மாற்றியிருக்கிறேன்.’ நிறுத்தியவர்களைப் பற்றி எழுதலாமா என்று தயங்குவார்கள். கட்டாயம் எழுதுங்கள். யூனிட்டுக்கு நேரில் போய், காரணம் கண்டு, திருத்தி, மறுபடி விற்றிருக்கிறீர்கள் என்பது அந்த ஒரு வரியில் தெரிகிறது. ஒரே ஆள் இரண்டு வேலையையும் பார்க்கிறார் என்பதற்கு இதைவிடச் சான்று இல்லை.

போட்டியாளர் யாருமில்லை என்று எழுதாதீர்கள். மேலே சொன்ன ஆளுக்குப் போட்டி கோடு போட்ட நோட்டு, வாட்ஸ்அப் படம், டேலி. ‘அவர்களுக்குத் தெரியாத எது உங்களுக்குத் தெரியும்?’ என்ற துணைக் கேள்வி விலைமதிப்புள்ளது. அவர் பதில்: ‘தகராறு துணி அனுப்பும்போது வருவதில்லை, மாதக் கடைசியில் பில் முடிக்கும்போது வருகிறது. அதனால் துணியை வாங்குபவரும் அந்த நிமிடமே எடையை ஒப்புக்கொள்ளும்படி செய்திருக்கிறேன்.’ களத்தில் நின்றவருக்கு மட்டும் தெரிகிற விஷயம் அது.

கோடு யார் எழுதுகிறார்கள், நிறுவனர் அல்லாதவர் எழுதிய பகுதி உண்டா என்றும் கேட்பார்கள். ஃப்ரீலான்சர் எழுதியிருந்தால் மறைக்க வேண்டாம். எந்தப் பகுதி, இப்போது யார் பராமரிக்கிறார், அவர் போய்விட்டால் நீங்களே திருத்த முடியுமா என்று மூன்று வரி எழுதுங்கள். இணை நிறுவனர் தேடுகிறீர்களா என்ற கேள்விக்கு ஆம், இல்லை என்று எது உண்மையோ அதை எழுதினால் போதும். ‘சரியான ஆள் கிடைத்தால்’ என்று மழுப்புவதுதான் மோசம்.

‘நீங்கள் படுத்துவிட்டால்?’ என்பது படிவத்தில் இருக்காது, ஆனால் மனதில் இருக்கும். இதற்கும் காகிதச் சான்று தயாரிக்கலாம். டொமைன், கிட்ஹப், கிளவுட் கணக்கு, பிளே ஸ்டோர் டெவலப்பர் கணக்கு எல்லாம் சொந்த ஜிமெயிலில் இல்லாமல் கம்பெனி மின்னஞ்சலில் இருக்க வேண்டும். சர்வர் விழுந்தால் என்ன செய்வது என்று இரண்டு பக்கக் குறிப்பு இருக்க வேண்டும். அதை வைத்து ஒரு பகுதிநேர ஊழியராவது ஒருமுறை எழுப்பிப் பார்த்திருக்க வேண்டும். முதல் ஊழியருக்கு ஈசாப், அதாவது பின்னாளில் கம்பெனிப் பங்கு வாங்கும் உரிமை, கொடுத்து வைத்திருந்தால் இரண்டாவது சந்தேகத்துக்கும் அதுவே பதில்: கூட வர ஒருவர் சம்மதித்திருக்கிறார். ஈசாப்பில் அந்த உரிமை வழங்குவதற்கும் வெஸ்டிங்குக்கும் இடையே குறைந்தது ஓராண்டு இருக்க வேண்டும் என்பது இந்தியச் சட்டத்திலேயே உள்ளது.

ஒரு நிமிட வீடியோ, பத்து நிமிட நேர்காணல்

வீடியோ ஒரு நிமிடம். பின்னணி இசை, எடிட்டிங், ஸ்கிரிப்ட் வாசிப்பு எதுவும் வேண்டாம். பேர், என்ன செய்கிறேன், யார் பயன்படுத்துகிறார்கள், ஏன் என்னால் முடியும். நான்கே விஷயம். தாளைப் பார்த்துப் படிப்பது கண் அசைவில் தெரிந்துவிடும். ஜன்னலுக்கு எதிரே உட்கார்ந்து போனில் எடுத்தாலே போதும்.

நேர்காணல் பத்து நிமிடம், வீடியோ அழைப்பில். பிட்ச் டெக் (விளக்க ஸ்லைடுகள்) காட்ட விடமாட்டார்கள். பாதியில் குறுக்கிட்டு அடுத்த கேள்விக்குப் போவார்கள். அது கோபமில்லை, நேரமில்லை. இருவர் போனால் ஒருவர் திணறும்போது மற்றவர் எடுத்துப் பேசுவார். தனி ஆளுக்கு அந்த வசதி கிடையாது. அதனால் பதிலின் முதல் வாக்கியத்திலேயே விடை இருக்க வேண்டும், விளக்கம் பிறகு. ‘மாத வருமானம் எவ்வளவு?’ என்றால் முதலில் எண், அப்புறம் கதை. டெமோவை ஒரே கிளிக்கில் திறக்கும்படி வைத்திருங்கள். இரண்டாவது நெட் இணைப்பு தயாராக இருக்கட்டும். தொழில் தெரியாத ஒருவரைக் கேள்வி கேட்கச் சொல்லி, டைமர் வைத்துப் பழகுங்கள். தெரிந்தவர் கேட்டால் பாதிக் கேள்வியிலேயே அவருக்குப் பதில் புரிந்துவிடும்.

‘ஏன் தனியாக?’ என்று கேட்பார்கள். அரை நிமிடத்துக்கு மேல் போகாத பதில் போதும்: ‘இருவரோடு சேர்ந்து செய்து பார்த்தேன், வேகம் ஒத்துவரவில்லை. காத்திருக்காமல் நானே விற்கத் தொடங்கினேன். 9 பேர் பணம் கட்டுகிறார்கள். முதல் ஊழியர் அடுத்த மாதம் சேர்கிறார்.’ இணை நிறுவனர்களால் வரும் தொல்லைகளைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டாம். எதிரே உட்கார்ந்திருப்பவர்களில் பலர் இணை நிறுவனரோடு கம்பெனி நடத்தியவர்கள்.

பணத்தின் கணக்கு

2022இல் அறிவிக்கப்பட்ட ஒய் காம்பினேட்டரின் 5 லட்சம் டாலர் இரண்டு துண்டாக வருகிறது. சேஃப் என்பது இப்போது பணம் வாங்கி, பின்னால் வரும் முதலீட்டுச் சுற்றில் பங்கு தரும் ஒப்பந்தம்; போஸ்ட்-மணி என்றால் வந்த பணத்தையும் சேர்த்த மதிப்பில் சதவீதம் பார்ப்பது. முதல் துண்டு 1,25,000 டாலர், போஸ்ட்-மணி சேஃபில், 7 சதவீதத்துக்கு. மீதி 3,75,000 டாலர், கம்பெனி மதிப்புக்கு உச்சவரம்பு (கேப்) இல்லாத சேஃபில், அதற்கு எம்.எஃப்.என். உரிமை, அதாவது அதன்பின் நீங்கள் வேறு யாருக்காவது தரும் சேஃப்களில் சிறந்த நிபந்தனை இவர்களுக்கும் பொருந்தும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். பேட்ச், அதாவது ஆக்சிலரேட்டர் பயிற்சிச் சுற்று, முடிந்ததும் 1 கோடி டாலர் போஸ்ட்-மணி கேப்பில் 10 லட்சம் டாலர் திரட்டுகிறீர்கள். புது முதலீட்டாளர்களுக்கு 10 சதவீதம். எம்.எஃப்.என். துண்டு அதே கேப்பில் 3.75 சதவீதம். முன்பே 7. மொத்தம் 20.75 போக உங்களிடம் 79.25. அடுத்த பெரிய சுற்றில் 20 சதவீதம் விற்று, 10 சதவீதம் ஈசாப்புக்கு ஒதுக்கினால் எல்லோர் பங்கும் 70 சதவீதமாகச் சுருங்கும், உங்களுக்கு 55.5 மிஞ்சும். இதே இடத்தில் இருவர் சமமாக இருந்திருந்தால் ஆளுக்கு 27.7. தனி நிறுவனருக்கு இருக்கும் உண்மையான பலம் இந்த இடைவெளி. நல்ல இரண்டாம் ஆளுக்கு 5, 8 சதவீதம்கூடத் தாராளமாகக் கொடுக்கலாம். கஞ்சத்தனம் காட்டத் தேவையில்லை.

இதில் ஒரு பொறி உண்டு. பேட்ச் நடக்கும்போது கைச்செலவுக்குத் தெரிந்தவர் ஒருவரிடம் 30 லட்சம் டாலர் கேப்பில் சின்னத் தொகை ஒன்றைச் சேஃபாக வாங்கினால், எம்.எஃப்.என். வழியாக அந்த 3,75,000 டாலரும் அதே கேப்புக்கு இறங்கலாம். 3.75 சதவீதம் ஆக வேண்டியது 12.5 ஆகிவிடும். தெரிந்தவரிடம் வாங்கிய தொகை எவ்வளவு சின்னதாக இருந்தாலும் இழப்பு இதுதான்.

டெக்ஸ்டார்ஸ் 2025 முதல் 2,20,000 டாலர் தருகிறது: 20,000 டாலருக்கு 5 சதவீதம், 2 லட்சம் எம்.எஃப்.என். சேஃபில். எந்தத் திட்டமானாலும் கையில் வரும் தொகை எவ்வளவு என்று கேளுங்கள். சில திட்டங்கள் தரும் தொகையிலிருந்தே ‘புரோகிராம் ஃபீஸ்’ என்று ஒரு பங்கைப் பிடித்துக்கொள்கின்றன. சதவீதம் மட்டும் முழுத் தொகைக்குப் போகும். விண்ணப்பக் கட்டணம் கேட்பவர்களையும், பணமே தராமல் வெறும் மென்டரிங்குக்குப் பங்கு கேட்பவர்களையும் அங்கேயே விட்டுவிடுங்கள்.

அமெரிக்கக் கம்பெனி ஆக்குவதில் உள்ள சிக்கல்

ஒய் காம்பினேட்டர் இந்திய பிரைவேட் லிமிடெடில் நேராக முதலீடு செய்யாது. வழக்கமாக அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் ஒரு தாய்க் கம்பெனி பதிந்து, இந்தியக் கம்பெனியை அதன் கீழ் கொண்டுவருவார்கள். இதைத்தான் ஃபிளிப் என்கிறார்கள். இந்தியக் கம்பெனிப் பங்கைக் கொடுத்து அமெரிக்கப் பங்கை வாங்கினால் மூலதன ஆதாய வரி வரும், கையில் ஒரு ரூபாய் வராவிட்டாலும். மதிப்பு ஏறும் முன்பே செய்தால் வரி குறைவு.

இந்தியாவில் வசிக்கும் தனி நிறுவனருக்கு இன்னொரு தடை இருக்கிறது. 2022 ஆகஸ்டில் வந்த வெளிநாட்டு முதலீட்டு விதிகளின்படி, இங்கே வசிக்கும் தனிநபர் தன் கட்டுப்பாட்டில் உள்ள வெளிநாட்டுக் கம்பெனியில் நேரடி முதலீடு செய்யும்போது, அந்தக் கம்பெனிக்குக் கீழே துணைக் கம்பெனி இருக்கக் கூடாது. 10 சதவீத வாக்குரிமை இருந்தாலே கட்டுப்பாடு என்று கணக்கு. நூறு சதவீதம் வைத்திருக்கும் உங்களுக்கு அது நேராகப் பொருந்தும். ஃபெமா, அதாவது அந்நியச் செலாவணிச் சட்ட வேலை செய்து பழகிய ஆடிட்டரிடம், டெலவேர் பதிவுக்கு முன்பே, எழுத்தில் ஆலோசனை வாங்குங்கள். இணையத்தில் 500 டாலருக்குக் கம்பெனி பதிந்து தரும் தளங்கள் இதைச் சொல்லாது.

பேட்ச் சான்ஃபிரான்சிஸ்கோவில் நடக்கிறது. முதல்முறை பி1/பி2 (தொழில், சுற்றுலாப் பயண) விசாவுக்கு மாதக்கணக்கில் காத்திருக்க நேரலாம். தேர்வான பிறகு தேதி தேடுவதைவிட, விண்ணப்பிக்கும் முடிவெடுத்த அன்றே தேடுவது நல்லது.

உள்ளூர்ப் பணத்தின் வரிசை

அமெரிக்கா வேண்டாம் என்றால், அல்லது அதற்கு முன் ஓர் ஆண்டு ஓட்டப் பணம் வேண்டும் என்றால், தமிழ்நாட்டில் மாநில அரசின் ஸ்டார்ட்அப் டி.என். நடத்தும் டான்சீட் என்ற விதை நிதி இருக்கிறது. ரூ. 10 லட்சம், பசுமைத் தொழில்நுட்பம், ஊரக வாழ்வாதாரம், பெண்கள் தலைமையிலான கம்பெனிகளுக்கு ரூ. 15 லட்சம் வரை. பதிலுக்கு 3 சதவீதப் பங்கு. மத்திய அரசின் தொழில் ஊக்குவிப்புத் துறையான டி.பி.ஐ.ஐ.டி. தரும் ஸ்டார்ட்அப் அங்கீகாரம் தேவை. பதிப்புக்குப் பதிப்பு நிபந்தனை மாறும் என்பதால் அந்தந்த அறிவிப்பை வரி விடாமல் படிக்க வேண்டும்.

மத்திய அரசு 2021இல் தொடங்கிய ஸ்டார்ட்அப் இந்தியா விதை நிதி, மாதிரி செய்து பார்க்க ரூ. 20 லட்சம் வரை மானியம், சந்தைக்குப் போக ரூ. 50 லட்சம் வரை கடன் அல்லது பங்காக மாற்றத்தக்க கடன் பத்திரம் என்று வகுக்கப்பட்டது. இப்போது விண்ணப்பம் ஏற்கிறார்களா என்று முதலில் பாருங்கள். பணம் இன்குபேட்டர் (புதுக் கம்பெனிகளை வளர்த்துவிடும் மையம்) வழியாக, மைல்கல் மைல்கல்லாக வரும். அதன் விதிகளில் மூன்று முக்கியம்: கம்பெனி பதிந்து இரண்டு ஆண்டுக்குள் இருக்க வேண்டும், இந்திய புரமோட்டர் பங்கு 51 சதவீதமாவது இருக்க வேண்டும், வேறு மத்திய, மாநிலத் திட்டங்களில் ரூ. 10 லட்சத்துக்கு மேல் பணம் வாங்கியிருக்கக் கூடாது. போட்டிப் பரிசும் நிறுவனருக்கான மாத உதவித்தொகையும் இந்த 10 லட்சத்தில் சேராது.

இதனால் வரிசை முக்கியமாகிறது. டான்சீடில் 15 லட்சம் வாங்கியவருக்கு மத்திய விதை நிதிக் கதவு மூடிவிடும். டெலவேருக்கு ஃபிளிப் செய்தவரிடம் 51 சதவீத நிபந்தனை நிற்காது. ஓராண்டு வீட்டிலிருந்தபடி யோசித்துவிட்டுப் பதிவை மட்டும் முன்கூட்டியே செய்தவருக்கு இரண்டு ஆண்டில் பாதி போயிருக்கும். மாதிரிகூட இல்லாத நிலையில் கம்பெனி பதிய அவசரப்பட வேண்டாம். மத்திய அரசின் ‘நிதி பிரயாஸ்’ என்ற திட்டத்தில் தனிநபராகவே மாதிரி செய்ய ரூ. 10 லட்சம் வரை பெற வழி உண்டு.

தேர்வான பிறகு

ஆவணச் சோதனையில் தனி நிறுவனர் மாட்டிக்கொள்ளும் இடம் பெரும்பாலும் கோடின் உரிமை. சம்பள ஊழியர் எழுதியது கம்பெனிக்குச் சேரும். ஃப்ரீலான்சர் எழுதியது, நீங்கள் பணம் கொடுத்திருந்தாலும், எழுத்தில் மாற்றித் தராத வரை அவருடையது. எழுதி வாங்கும்போதும் பதிப்புரிமைச் (காப்பிரைட்) சட்டம் 19ஆம் பிரிவைக் கவனிக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றே கொள்ளப்படும். எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். ஓராண்டுக்குள் அந்த உரிமையைப் பயன்படுத்தாவிட்டால் ஒப்படைப்பே காலாவதியாகலாம். ‘உரிமைக்காலம் முழுவதும், உலகெங்கும், 19(4) பொருந்தாது’ என்று ஒரு வரி சேர்த்தால் தீர்ந்தது. கம்பெனி பதியும் முன் நீங்களே எழுதிய கோடுக்கும் உங்களிடமிருந்து கம்பெனிக்கு ஒப்படைப்பு வேண்டும். வேலையில் இருந்தபோது எழுதியது என்றால் பழைய நியமனக் கடிதத்தை எடுத்துப் படியுங்கள்.

இந்திய ஆக்சிலரேட்டர் முதலீடு பெரும்பாலும் கட்டாயம் பங்காக மாறும் முன்னுரிமைப் பங்காக, அதாவது சி.சி.பி.எஸ். ஆக வரும், இங்கே ஐசேஃப் எனப்படுவதும் உள்ளே அதுதான். இதன் நடைமுறை வரிசை மாறக் கூடாது. பதிவு பெற்ற மதிப்பீட்டாளரின் அறிக்கை. இயக்குநர் குழுத் தீர்மானம். பங்குதாரர்களின் சிறப்புத் தீர்மானம், அதற்கு எம்.ஜி.டி-14 படிவம். அது தாக்கலான பிறகே பி.ஏ.எஸ்-4 சலுகைக் கடிதம். பணம் தனி வங்கிக் கணக்குக்கு, முதலீட்டாளரின் சொந்தக் கணக்கிலிருந்து. 60 நாளுக்குள் ஒதுக்கீடு. ஒதுக்கீட்டிலிருந்து 15 நாளுக்குள் பி.ஏ.எஸ்-3 என்ற ஒதுக்கீட்டுப் படிவம். அதைத் தாக்கல் செய்யும் வரை அந்தப் பணத்தைத் தொடக் கூடாது. சம்பள நாள் வந்துவிட்டது என்று எடுத்துவிட்டு அபராதம் கட்டுபவர்கள் உண்டு. வெளிநாட்டுப் பணமென்றால் ஒதுக்கீட்டிலிருந்து 30 நாளுக்குள் ரிசர்வ் வங்கிக்கு எஃப்.சி-ஜி.பி.ஆர். படிவம்.

ஒப்பந்தம் கையெழுத்தானதற்கும் கணக்கில் செலவழிக்கத்தக்க பணம் நிற்பதற்கும் இடையே ஒன்றரை, இரண்டு மாதம் ஆகும் என்று வைத்துக்கொண்டு கையிருப்பைத் திட்டமிடுங்கள். நிராகரிப்பு வந்தால் அடுத்த பேட்ச்சுக்கே மறுபடி போடலாம். இடைப்பட்ட வாரங்களில் எது மாறியது என்பதை எண்ணோடு முதல் பத்தியில் வையுங்கள். ஏற்பு வந்தால் முதல் வேலை, இரண்டு இயக்குநர்களின் டி.எஸ்.சி. (டிஜிட்டல் கையெழுத்துச் சான்று) எப்போது காலாவதியாகிறது என்று பார்ப்பது. வீட்டிலிருக்கும் இரண்டாவது இயக்குநருடையது பெரும்பாலும் கம்பெனி பதிந்த அன்று எடுத்ததாகவே இருக்கும். புதுப்பிக்க அவர் போனுக்கு ஓ.டி.பி. வரும், கேமரா முன்னால் பேர் சொல்லி ஒரு வீடியோ எடுக்க வேண்டியிருக்கும்.